தகவல் தந்தவர்

மங்கை இங்கே இல்லைங்கம்மா. காலேஜ் பக்கமாத் தனி வீடு எடுத்துப் போயிட்டாள். வெயில்ல நிக்காதீங்க, உள்ளே வாங்க. கோயில்ல அந்தக் கல்லைப் பார்த்துட்டு வர்றீங்க, இல்லையா? கையில இருக்கிற பையைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் இப்படித்தான், பழைய கல்யாணப் பத்திரிகை, தாத்தா போட்டோ எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. பூசாரி இன்னும் பழைய விலாசத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கார். நானும் மாத்திச் சொல்லுங்கன்னு சொல்லலை.

உட்காருங்க, மோர் தர்றேன். காபி இப்போ காலையில மட்டும்தான். ஒருத்திக்காக அடுப்பைப் பத்தவைக்கச் சலிப்பா இருக்கு.

உங்க வம்சாவளியை எழுதணும், அதானே? எழுதுவாள். அவள் எழுதினா அதுல ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது. பெத்தவ நானே சொல்றேன். காலேஜ் லைப்ரரியில புத்தகத்தையெல்லாம் கட்டி மேய்க்கிற வேலை அவளுக்கு. ஆனா கொடுக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க. நான் யாரையும் குறை சொல்ற ஆள் இல்லை. குளிச்சுச் சாமிக்குப் பூப் போடாம பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன். உங்களை முன்னபின்னத் தெரியாது. உங்ககிட்டப் பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது என்ன?

எங்க பங்காளிங்க எல்லாம் சேர்ந்து குலசாமி கோயிலை எடுத்துக் கட்டினாங்க. நீங்கதான் பார்த்தீங்களே, ஊருணிக்கரை அய்யனார். முன்னாடி அது வெறும் ஓட்டுக்கொட்டகை. மண்டபம் எழும்பினதும் பெரிய அத்தான் மங்கையைக் கூப்பிட்டு விட்டார். பெரிய அத்தான்னா ஆண்டியப்பன், எங்க வீட்டுக்காரருக்குப் பங்காளி வகையில அண்ணன் முறை, கோயில் நிர்வாகம் அவர் கையில. "தாயி, நீ படிச்ச பொண்ணு. நம்ம வம்சத்தை ஆதியில இருந்து எழுதிக் கொடு. கறுப்புக் கல்லுல வெட்டிச் செவத்துல பதிச்சுடுவோம்"னு சொன்னார்.

இவள் அப்பவே சொன்னாள். "எழுதுறேன் பெரியப்பா. ஆனா ஒவ்வொரு பேருக்குக் கீழயும் அந்தச் சேதி எங்கேருந்து கிடைச்சதுன்னு பொடி எழுத்துல போடுவேன். எங்க வேலையில அது இல்லாம ஒண்ணும் எழுதக்கூடாது. சம்மதமா?"

"போடு தாயி, போடு. கல்லு நெறஞ்சு இருந்தாத்தான் பார்க்க லட்சணமா இருக்கும்." அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

அப்புறம் பார்க்கணுமே. லீவு நாள்ல எல்லாம் ஊர் ஊராப் போனாள். உங்க வீட்டுக்கு வந்தாலும் முதல்ல காகிதம் கேக்கமாட்டாள், பரண்ல ஏறிடுவாள். அண்டா, குத்துப்போணி, தாம்பாளம், எல்லாத்தையும் கவிழ்த்துப் பார்ப்பாள். பொண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது பேர் வெட்டித்தானே கொடுக்கிறோம்? அப்பன் பேரோட முதல் எழுத்து, ஊர்ப்பேர், சில அண்டாவுல வருஷம்கூட இருக்கும். புளி போட்டு விளக்கிப் பேரைப் படிச்சுட்டு இறங்கி வருவாள். ஒரு பெரியம்மா கேட்டேபுட்டாங்க, "ஏண்டி, நீ பேர் பார்க்க வந்தியா, பாத்திரம் கழுவ வந்தியா? கழுவத்தான்னா பின்னாடி இன்னும் கிடக்கு"ன்னு. சிரிச்சுக்கிட்டே அதையும் கழுவிக் கொடுத்துட்டு வந்தாள். அப்படி ஒரு பொறுமை. ஊர்ப் பாத்திரத்துக்கு இருக்கிற பொறுமை பெத்தவகிட்ட இல்லை. அது என் தலையெழுத்து.

எனக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவன் கதிரேசன், அடுத்தது மங்கை, கடைக்குட்டி ரத்தினவேல். மூத்தவன் இல்லை. இல்லைன்னா...

நீங்க வயசுல சின்னவங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. கோயமுத்தூர்ல வேலை பார்த்த இடத்துல ஒரு பொண்ணைப் பார்த்து ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டான். நம்ம ஆளுங்க இல்லை. அதுக்குமேல நான் சொல்லமாட்டேன். ஒரு சனத்தைப் பத்தி என் வாயால ஒண்ணைச் சொல்லி எனக்குப் பாவம் வேண்டாம். பங்காளிங்க கூடினாங்க, தலைமுழுகணும்னாங்க. ஊருணிப் படியில வச்சு அவனுக்குக் கருமாதி செஞ்சாங்க. எங்க வீட்டுக்காரர் மொட்டை போட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லலைம்மா. வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. சமைச்சேன். அவனுக்குக் கருப்பட்டிப் பணியாரம்னா உயிரு. படையல்ல வைக்கிறதுக்கு அதைத்தான் சுட்டேன். மங்கை அடுப்படியில வந்து நின்னு கத்தினாள், "உசுரோட இருக்கிற பிள்ளைக்குப் படைக்கிறதுக்கு உங்களுக்கு எப்படிம்மா கை வருது?"ன்னு. நான் திருப்பிக் கத்தலை. பணியாரம் கருகாமப் பார்த்துக்கிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தவறாம முருகனுக்கு விளக்குப் போடுவேன், அவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு. அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைக்கும்போது அவன் பேரைச் சொல்லி ஒரு பிடி தனியா வைப்பேன். ரெண்டும் செய்யணும்ல? அது தாய் மனசு. இது குடும்பத்துக்கு. மொட்டைமாடியில நின்னு வச்சா நாலு வீடு பார்க்கும்.

எங்க வீட்டுக்காரர் காலமானப்போ அவன் வந்தான். டீக்கடை வரைக்கும் வந்து நின்னானாம். கொள்ளி வைக்கவேண்டிய மூத்த பிள்ளை. பெரிய அத்தான் போய்ப் பேசித் திருப்பி அனுப்பிட்டார். அப்பவும் நான் ஒரு வார்த்தை சொல்லலை. ரத்தினம்தான் கொள்ளி வச்சான். மங்கைக்கு வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போனதே மூத்தவனாலதான். ஆனா அவளுக்கு அண்ணன் மேல ஒரு கோபம் இல்லை பாருங்க. கோபமெல்லாம் என் மேலதான்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க குலசாமிக்கு முதல் பரிவட்டம் எங்க வகையறாவுக்குத்தான். மாமனார் தலையில கட்டினாங்க, அப்புறம் எங்க வீட்டுக்காரர் தலையில. அந்தப் பட்டுத்துணியைக் கட்டிக்கிட்டு அவர் திரும்பி என்னைப் பார்த்தார் பாருங்க, அது போதும்னு இருந்தேன் நான். கும்பாபிஷேகத்துக்கு அது ரத்தினத்துக்கு வரணும். ஆனா மூத்தவன் இருக்கையில இளையவன் தலையில கட்டுற வழக்கம் இல்லை. பெரிய அத்தான் வீட்டுக்கு வந்து இதோ இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தார்.

"கல்லுல மூத்தவன் உசுரோட இருக்கான்னு இருந்தா நான் எப்படிம்மா ரத்தினத்துக்குக் கட்டுறது? நாளைக்கு ஒருத்தன் கேப்பான்ல? அப்புறம் அடுத்த வகையறாவுக்குத்தான் போகும்."

அடுத்த வகையறான்னா அவர் மகன்தான். ரத்தினத்தோட மாமனார் வீட்டுல அத்தனை பேரும் வர்றாங்க. அவங்க முன்னாடி என் பிள்ளை வெறுந்தலையோட நிக்கிறதா?

மங்கை வேலை முடிஞ்சு வந்ததும் பக்குவமா எடுத்துச் சொன்னேன். "கருமாதிதான் பண்ணியாச்சே. அந்த வருஷத்தைப் போட்டு மறைவுன்னு எழுதிடு. சனம் எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான். புதுசா ஒண்ணும் இல்லை."

"இல்லாததை எழுதமாட்டேன்."

"எனக்காக எழுது."

"உங்களுக்காக வேற என்ன வேணும்னாலும் செய்றேன். அண்ணன் இருக்காரும்மா. மூச்சு விட்டுக்கிட்டு, சம்பளம் வாங்கிக்கிட்டு, தலை நரைச்சு இருக்கார். செத்துட்டார்னு எப்படி எழுதுறது?"

நான் சண்டை போடலை. சண்டை போட்டுப் பழக்கமே இல்லை எனக்கு. பூஜை அறையில போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். சாப்பிடலை. அய்யனாரே, என் பிள்ளைங்களுக்கு நல்ல புத்தி கொடுன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், எடுத்துட்டுப் போவாள். "சுகர் மாத்திரை போடுறவங்க பட்டினி கிடக்கலாமா?"ன்னு அழுதாள். நான் கண்ணை மூடிக்கிட்டேன். மறுநாளும் அப்படியே. சாயங்காலம் தலை சுத்திச் செவத்துல சாஞ்சேன். அப்போதான் அவள் நோட்டும் பேனாவுமா வந்து எதிர்ல உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, லைப்ரரியில உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"சரி. மறைவுன்னு எழுதுறேன். ஆதாரம் என்ன?"

"ஆதாரம் எதுக்குடி? பெத்தவ நான் சொல்றேன்ல, அவன் செத்துட்டான்னு. அதைவிட வேற என்ன வேணும் உனக்கு?"

"நீங்க சொல்றீங்க."

"ஆமா. நான்தான் சொல்றேன்."

எழுதிக்கிட்டாள். "எந்திரிங்க, கஞ்சி வச்சிருக்கேன்"ன்னாள். நான் அய்யனாரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிள்ளை நம்ம பேச்சைக் கேட்டுட்டாளேன்னு.

கல் வெட்டுறதுக்கு முன்னாடி பெரிய தாள்ல அச்சடிச்சுக் கொண்டுவந்து கோயில்ல விரிச்சாள். "எல்லாரும் ஒரு தடவை நல்லாப் படிச்சுப் பாருங்க. கல்லுல ஏறினப்புறம் மாத்த முடியாது"ன்னு அவள் சொல்லத்தான் செஞ்சாள். யாரு படிச்சா? ஒவ்வொருத்தனும் அவனவன் பேரைத் தேடினான். "ஏம்ப்பா, என் பேருக்கு முன்னாடி நீ எப்படி வந்தே?" "நான் உனக்கு மூத்தவன்டா." "மூத்தவனாம்! உங்க ஆத்தாகிட்டக் கேப்போமா?" இப்படியே பொழுது போச்சு. பொடி எழுத்தை ஒருத்தரும் பார்க்கலை. பெரிய அத்தான் கையெழுத்துப் போட்டார். நானும் பார்த்தேன். என் பேரு பூரணம். அது ரெண்டு மூணு இடத்துல இருந்துச்சு. சரி, பாசத்துல போட்டிருக்காள்னு நினைச்சுக்கிட்டேன். சிரிக்காதீங்க. கண்ணாடி கொண்டுபோகலை நான்.

கும்பாபிஷேகம் அன்னைக்கு என் ரத்தினத்துக்குப் பரிவட்டம் கட்டினாங்க. அவங்கப்பா மாதிரியே திரும்பி என்னைப் பார்த்தான். என் கண்ணு நெறஞ்சு போச்சு. அந்த நேரத்தோட எல்லாம் முடிஞ்சிருக்கக்கூடாதா?

ரத்தினத்தோட மாமனாருக்கு ஒரு பழக்கம். எழுத்துன்னு எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படிச்சிடுவார். பஸ்ல போனா கடை போர்டு எல்லாம் படிச்சுக்கிட்டே வருவார். பந்திக்கு இலை போட்டுக்கிட்டு இருக்காங்க, இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுக் கல்லு முன்னாடி போய் நின்னுட்டார். மேல இருந்து ஆரம்பிச்சார். அண்டாவுல இருந்த பேர், சமாதிக் கல்லுல இருந்த பேர், பள்ளிக்கூடச் சான்றிதழ்னு ஒவ்வொண்ணா. சனம் சந்தோஷமாக் கேக்குது. அப்படியே கீழ வந்தார்.

"கதிரேசன். மறைவு, இரண்டாயிரத்து ஒன்பது. தகவல் தந்தவர், தாயார் பூரணம்."

இலை போட்ட கை அப்படியே நின்னுச்சு. அவர் நிறுத்தலை. படிக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது அந்த மனுசனுக்கு. கதிரேசன் பேருக்குக் கீழ ஒரு கோடு இறங்குது.

"மகள் பூரணம். பிறப்பு, இரண்டாயிரத்துப் பதிமூன்று. தகவல் தந்தவர், தந்தை கதிரேசன், நேரில்."

பந்தியில இருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான், யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. "செத்தவன் நேர்ல வந்து பிள்ளை பொறந்ததைச் சொல்லிட்டுப் போயிருக்கானே, வலுவான குடும்பம்டா இது!" சனம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. பொம்பளைங்க முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. பெரிய அத்தான் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயேபோயிட்டார். சம்பந்தி அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. எச்சில் இலையைப் பார்க்கிற மாதிரி.

ரத்தினம் என்கிட்ட வந்தான். "அம்மா, நீங்களா இப்படிச் சொன்னீங்க?"

நான் ஒரு வார்த்தை சொல்லலைன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முதுகுக்குப் பின்னாடி கல்லு நிக்குது. அவன் தலையில இருந்த பரிவட்டத்தை அவிழ்த்து என் மடியில வச்சான். "நீங்களே வச்சுக்கங்க"ன்னுட்டு மாமனார் வீட்டு ஆளுங்க வந்த வேன்ல போய் ஏறிக்கிட்டான். பீரோவுலதான் இருக்கு, கற்பூரம் போட்டு வச்சிருக்கேன். அவன் கேக்கவே இல்லை.

நீங்களே சொல்லுங்கம்மா. வாழ்நாள் பூராவும் வாயைத் திறக்காம இருந்தவ நான். ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அதைப் போய்க் கல்லுல வெட்டுவாளா ஒரு மக?

வீட்டுக்கு வந்து கேட்டேன் அவகிட்ட. இத்தனை வருஷமா அண்ணன் வீட்டுக்குப் போய்வந்துக்கிட்டு இருந்திருக்காள். பிள்ளை பொறந்தது தெரியும், காது குத்தினது தெரியும், ஸ்கூல்ல சேர்த்தது தெரியும். எவன் வீட்டு முப்பாட்டனையோ தேடிக் கண்டுபிடிச்சுச் சொல்றவளுக்கு என் பேத்தியைப் பத்தி என்கிட்டச் சொல்ல வாய் இல்லையான்னு கேட்டேன்.

"நீங்க கேக்கலையேம்மா. அண்ணன் பேரை இந்த வீட்டுல எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு நாள் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்." அப்புறம் எந்திரிச்சு அடுப்படிக்குப் போனாள். அமாவாசைக்குக் காக்காச் சோறு எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவேனே, அந்த எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்து என் கையில கொடுத்தாள். "இது யாரோடதும்மா?"

"என்னோடதுதான். மூடியில என் பேர் இருக்குல்ல?"

"கவிழ்த்துப் பாருங்க."

கவிழ்த்துப் பார்த்தேன். காதணி விழா அன்பளிப்புன்னு வெட்டியிருக்கு. தேதி போட்டிருக்கு. அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினப்போ வந்த எல்லாருக்கும் கொடுத்தது. அத்தை பங்குக்கு இவளுக்கும் ஒண்ணு. அதைச் சத்தமில்லாம அடுப்படியில கொண்டாந்து வச்சிருக்காள். நானும் என் கல்யாணத்துப் பாத்திரம்னு நினைச்சு, இத்தனை அமாவாசையா அதுலதான்... சரி விடுங்க.

ஏண்டி சொல்லலைன்னு நான் கேட்டதுக்கு, "என்னைக்காவது விளக்கும்போது பார்ப்பீங்கன்னு இருந்தேன்"ன்னாள். இப்படி ஒரு நெஞ்சழுத்தம். அடுத்த வாரமே தனி வீடு பார்த்துப் போயிட்டாள். பாத்திரம் எதையும் எடுத்துக்கிட்டுப் போகலை.

கல்லை உடைச்சுடலாம்னு பேசிப் பார்த்தாங்க. கும்பாபிஷேகம் ஆகிப்போச்சு, இனிப் பன்னிரண்டு வருஷத்துக்கு மண்டபத்துல உளி படக்கூடாதுன்னு குருக்கள் சொல்லிட்டார். அடுத்த கும்பாபிஷேகத்துக்குத்தான் எடுக்க முடியும். அதுவரைக்கும் போறவங்க வர்றவங்க எல்லாம் படிக்கவேண்டியதுதான். நீங்களும்தான் படிச்சீங்க. படிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க. வந்ததுல இருந்து என் முகத்தை நேராப் பார்க்கமாட்டேங்கிறீங்களே, தெரியாமலா இருக்கு?

அதனாலதான் சொல்றேன். உங்க வீட்டு விஷயத்தை அவகிட்டச் சொல்லும்போது யோசிச்சுச் சொல்லுங்க. வாயில வந்ததையெல்லாம் சொல்லாதீங்க. யார் சொன்னாங்கன்னு போட்டுடுவாள்.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலைம்மா. முதல் பொண்ணுக்கு அப்பத்தா பேர் வைக்கிறது வழக்கம்தான், ஒத்துக்கிறேன். அந்த வழக்கமெல்லாம் அவனுக்கு எதுக்கு? நாங்கதான் தலைமுழுகிட்டோமே. இந்தக் காலத்துல பூரணம்னு எந்தப் பிள்ளைக்குப் பேர் இருக்கு? ஸ்கூல்ல கேலி பண்ணமாட்டாங்களா? அதோட, மாமியார் பேரை மருமகள் வாயால சொல்லக்கூடாது. எங்க பக்கம் அப்படி. நானே எங்க மாமியார் பேரு உள்ள பிள்ளைங்களைக் கண்ணுன்னுதான் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா? பிள்ளை பாலைக் கொட்டிட்டா, அடியே பூரணம்னு என் பேரைச் சொல்லித்தானே அதட்டுவாள்? இல்லை வேற ஏதாவது செல்லப்பேர் வச்சிருக்காங்களோ என்னமோ.

நீங்க மங்கையைப் பார்க்கும்போது, பேச்சோட பேச்சா அதைக் கேட்டுப் பார்க்கிறீங்களா? வீட்டுல அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுறாங்கன்னு? சும்மா, உங்களுக்குத் தோணின மாதிரி. ஆனா அவள் விடமாட்டாள், யார் கேக்கச் சொன்னாங்கன்னு கேப்பாள்.

வேண்டாம். ஒண்ணும் கேக்கவேண்டாம். ஒரு தடவை பேர் கொடுத்ததே போதும்.

கிளம்புறீங்களா? பஸ் ஸ்டாண்டு தாண்டிக் காலேஜ் கேட்டுக்கு எதிர்த்த சந்து, மூணாவது வீடு. வாசல்ல செம்பருத்தி நிக்கும். அப்படியே ஒண்ணு. திரும்பிப் போறப்போ கோயில் வழியாத்தானே போவீங்க? பூசாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அந்தக் கல்லுக்குக் கீழ சனம் எண்ணெய் விளக்கு ஏத்தி வைக்குது. புகை ஏறி அடியில இருக்கிற சின்னப் பிள்ளைங்க பேரெல்லாம் கறுத்துக்கிட்டு வருது. நான் வெள்ளிக்கிழமை போறப்போ முந்தானையால துடைச்சுவிட்டுத்தான் வர்றேன், துடைக்கத் துடைக்க ஏறுது. விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க. நான் சொன்னா ஏன்னு கேப்பார். நீங்க வெளியூர். உங்களைக் கேக்கமாட்டார்.